ஒரு அறையில் மங்கல், இன்னொரு அறையில் பளிச்

கேள்வி: மாலை நேரத்தில் வீட்டில் விளக்குகள் மங்குகின்றன. ஃப்ரிட்ஜ் ‘டிக்’கென்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. சில சமயம் ஒரு அறையில் மட்டும் விளக்கு கண்ணைக் கூசுகிறது. மூன்று ஃபேஸ் இணைப்பு. வீடு முழுவதற்கும் ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒரு பக்கம் மங்கி, இன்னொரு பக்கம் பளிச்சென்று எரிகிறது என்றால் முதலில் நியூட்ரலைத்தான், அதாவது மூன்று ஃபேஸுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியைத்தான், சந்தேகப்பட வேண்டும். மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் லூசானாலோ விட்டுப்போனாலோ, லோடு குறைவான ஃபேஸில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300-ஐத் தாண்டியும் வரலாம். டிவி, ரவுட்டர், எல்இடி எல்லாம் ஒரே நாளில் புகைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். மறுபடி விளக்கு அப்படி எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் போர்டில் நியூட்ரல் இணைப்பு கருகியிருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். அங்கே சரியாக இருந்தால் கோளாறு வெளியே, சப்ளை லைனில். மின் விநியோக அலுவலகத்தில் புகார் கொடுத்துவிடுங்கள்.

அந்த ‘டிக்’ சத்தத்துக்கு வருவோம். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் சுழற்றும் விசை அதைவிட வேகமாகக் குறையும். கம்ப்ரஸர் சுழல முடியாமல் திணறும். அப்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுத்துச் சூடாகும். பாதுகாப்புக்கு இருக்கும் ஓவர்லோட் ரிலே துண்டிக்கும் சத்தம்தான் நீங்கள் கேட்பது. ரிலே ஆறியதும் மறுபடி முயலும், மறுபடி துண்டிக்கும். இப்படியே விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். ஆகவே மாலையில் வோல்டேஜ் மிகவும் இறங்கும்போது ஃப்ரிட்ஜை அணைத்து வைப்பதே நல்லது. கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும்.

ஹீட்டருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 180 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டர் சுமார் 600 வாட் வெப்பம்தான் தரும், அவ்வளவே. ‘100-240’ என்று அச்சிட்ட சார்ஜர்களும் தாழ்ந்த வோல்டேஜைச் சமாளித்துக்கொள்ளும்.

ஸ்டெபிலைசரை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன்? குறைந்த வோல்டேஜை உயர்த்த அது லைனிலிருந்து கூடுதல் கரண்ட் இழுக்கும். லூசான இணைப்பு ஏதாவது இருந்தால் அது இன்னும் சூடாகும். வயரிங்கும் நியூட்ரலும் சரி, சப்ளையே தாழ்வாக வருகிறது என்று தெரிந்த பிறகு, ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனியாக ஒன்று போடுங்கள். மின்சாரம் திரும்பியதும் சுமார் 3 நிமிடம் கழித்து இயக்கும் டைமர் அதில் இருக்கட்டும். அப்புறம், ஸ்பைக் கார்டை இதற்கு நம்பாதீர்கள். நொடிக்கும் குறைவான உச்சங்களைத்தான் அது தடுக்கும், மணிக்கணக்கில் தாழ்ந்து கிடக்கும் வோல்டேஜை அதனால் உயர்த்த முடியாது.