மூடியைத் திறந்து பாருங்கள், பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்
பழைய கணினிகள்: வாசகர் கேள்வி-பதில்

கே: எங்கள் பள்ளியின் பொருள் அறையில் பிபிசி மைக்ரோ என்ற பழைய பிரிட்டிஷ் கணினி ஒன்று கிடைத்தது. ஸ்விட்சைப் போட்டதும் படம் வந்தது. பத்து நிமிடத்தில் ஊசிப் பட்டாசு போல ஒரு சத்தம், அறை முழுக்கப் புகை. இயந்திரம் போய்விட்டதா?
- ஆசிரியர், திண்டுக்கல்

ப: போகவில்லை. 1980களில் கிளாஸ் என்ற மத்திய அரசின் கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கு வந்தவற்றில் ஒன்றாக இருக்கும். வெடித்தது பவர் சப்ளையில் உள்ள ரிஃபா என்ற பிராண்டு கெப்பாசிட்டர். மின் இரைச்சலை வடிகட்டுவதுதான் அதன் வேலை என்பதால் மற்ற பாகங்கள் பெரும்பாலும் தப்பித்திருக்கும். அதன் மஞ்சள் உறை நாளடைவில் விரிசல் விட, உள்ளே இருக்கும் காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. பவர் சப்ளைக்குள் இப்படி இரண்டு இருக்கும். வெடிக்காததையும் சேர்த்துக் கழற்றிவிட்டு எக்ஸ்2 என்ற பாதுகாப்பு வகையில் புதிதாகப் போடுங்கள். இரண்டு தட்டு இட்லி விலைகூட ஆகாது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் கழித்துத் திறங்கள். மூடியைத் திறந்து பார்த்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

கே: பழைய கம்ப்யூட்டர் ஓடவில்லை. என்ன கோளாறு? அவசரம்.
- வாசகர், சேலம்

ப: எந்த மாடல், விளக்கு எரிகிறதா, பீப் சத்தம் வருகிறதா, ஒன்றையும் எழுதவில்லை. ஜாதகம் இல்லாமல் ஜோசியர்கூடப் பலன் சொல்ல மாட்டார்.

கே: மாமா அமெரிக்காவிலிருந்து கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கே 230 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?
- வாசகர், கோவை

ப: செருகுவதற்கு முன் கேட்டீர்களே, நன்றி. போதாது. அதனுடன் வந்த பவர் சப்ளைதான் எமன். வயதானால் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் மின்னழுத்தம் ஏறும். மெமரி சிப்புகள் அத்தோடு சாகும். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் பழுது பார்ப்பதும் பெரும்பாடு. 230 வோல்ட்டில் ஓடி, 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தரும் புதியது ஒன்றை வாங்குங்கள். அதையும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகே இணையுங்கள். டிவி, என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையை ஏற்பதாக இருக்க வேண்டும்.

கே: அப்பா டிடிபி சென்டர் நடத்தியவர். அவருடைய பழைய 486 கணினியும் சுமார் 60 ஃப்ளாப்பிகளும் பரணில் கிடைத்தன. 486-ஐ டாஸ் விளையாட்டுகளுக்குத் தயார் செய்கிறேன். இந்த ஃப்ளாப்பிகளை ஃபார்மேட் செய்து பயன்படுத்தலாமா?
- வாசகர், திருச்சி

ப: முதலில் கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்.

486 போனால் இன்னொன்று கிடைக்கும். அப்பா அடித்த கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக மலர், ஏதோ ஒரு சிறுபத்திரிகையின் பக்கங்கள், இவை உலகத்திலேயே அந்த 60 தட்டுகளில் மட்டும் இருக்கலாம். பெட்டிக்குப் பூச்சு வேலை பார்த்துப் படம் எடுத்துப் போடுகிறவர்கள், அதில் இருந்ததை அழித்துவிட்டுத்தான் அதைச் செய்கிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. அச்சகக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்த பிறகு என்னிடம் வந்து, "உள்ளே வெறும் குப்பை எழுத்துதான் சார் இருந்தது" என்றார். அது குப்பை இல்லை, தமிழ். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகுதான் டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கான அரசுத் தரங்கள் வந்தன. அதற்கு முன் ஆளுக்கொரு குறியீடு. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் கோணல் குறிகளுமாகத்தான் தெரியும். ஆகவே எழுத்துரு இருக்கும் தட்டைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

எழுதவிடாமல் பூட்டுவது அடுத்த வேலை. மூன்றரை அங்குலத் தட்டில் மூலைத் துளை திறந்திருந்தால் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குலத்தில் நேர்மாறு, ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் காந்தப் பூச்சு உரிவதோடு, தட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிய அழுக்கு அடுத்த தட்டையும் கெடுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டுப் படியுங்கள். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஐந்தேகால் அங்குலத்தைப் படிக்காது. கிரீஸ்வீசில் என்ற சிறிய பலகையைப் பழைய டிரைவோடு இணைத்தால் காந்தப் பதிவை அப்படியே எடுத்துத் தரும். அறுபது தட்டிலும் உள்ள கோப்புகள் சேர்ந்து 100 எம்பிகூட வராது. விளையாட்டுக்கு, ஃப்ளாப்பி டிரைவ் போல நடிக்கும் கோடெக் எமுலேட்டர் ஒன்று மாட்டி, பென் டிரைவில் வேண்டியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அது சரி, மதர்போர்டில் பீப்பாய் வடிவ பேட்டரி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இருந்தால் இன்றே வெட்டி எடுங்கள். கசியும் காரம் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சை பூத்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு தண்ணீர், பிறகு ஆல்கஹால்.

கே: மஞ்சளான கீபோர்டை ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுக்கலாமா?
- வாசகி, மதுரை

ப: வெளுக்கும். 12 சதவீத கிரீம், கையுறை, உங்கள் ஊர் வெயில் போதும். காய விட்டால் திட்டுத் திட்டாகும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் செய்யும். நான் செய்வதில்லை, நரைத்தவருக்கு எதற்குச் சாயம்?

கே: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ரிப்பன் காய்ந்துவிட்டது. ஸ்டாம்ப் பேட் மை ஊற்றலாமா?
- வாசகர், காரைக்குடி

ப: கூடாது. ரிப்பன் மைதான் ஹெட்டின் ஊசிகளுக்கு எண்ணெய். புது ரிப்பன் இன்றும் கிடைக்கிறது.

கே: பழைய கலர் மானிட்டரைத் திறந்து தூசி தட்டலாமா?
- வாசகர், நாகர்கோவில்

ப: மூடியைத் திறங்கள் என்று நான் எழுதுவதெல்லாம் மானிட்டருக்குப் பொருந்தாது. உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாய் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழைய டிவி மெக்கானிக் ஒருவரை அழைத்து வாருங்கள். அவர் திறக்கட்டும், நீங்கள் டார்ச் பிடியுங்கள்.