புள்ளியியலில் பிஎச்டி முடித்தவர், கணினி மாடல்களின் நிச்சயமின்மை பற்றிய போஸ்ட்டாக்கில் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலையில்) சேரலாமா?

கேள்வியில் 'பிரிட்டன், இரண்டு வருடம், வெள்ள மாடல்' என்று பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அப்படித்தான் போனேன். தியரி நன்றாக வரும், ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, நீங்களும் அந்த ரகம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சேருங்கள். ஆனால் மாடல் எழுதியவர்கள் உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஏன் என்பது என் கதையிலேயே தெரியும். எங்கள் மாடல் என்பது ஆற்று வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் கணினி நிரல், ஒரு ரன், அதாவது ஒருமுறை ஓட்டி முடிக்க 14 மணி நேரம் எடுக்கும். ஒன்பது உள்ளீடுகள். உள்ளீட்டுக்குப் பத்து ரன் என்பது இங்கே புழங்கும் கணக்கு, அதனால் உள்ளீடுகளின் மதிப்புகளை எல்லா மூலையும் எட்டும்படி சீராகப் பரப்பும் லத்தீன் ஹைப்பர்கியூப் முறையில் 90 ரன் ஓட்டி, அதன் மேல் காசியன் பிராசஸ் எமுலேட்டர் பொருத்தினேன். மாடலை ஓட்டாமலே விடையையும், அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அது நொடியில் சொல்லிவிடும். அப்புறம் ஆற்றில் அளந்த நீர்மட்டத்தை வைத்து, படுகையின் சொரசொரப்பைக் குறிக்கும் மானிங் எண்ணை 0.01 முதல் 0.1 வரை தேடவிட்டேன், இதற்குப் பெயர்தான் காலிப்ரேஷன். 0.012 வந்தது. போஸ்டீரியர், அதாவது அளவீட்டைப் பார்த்த பின் அந்த எண் எங்கே இருக்கலாம் என்று காட்டும் வளைவு, ஊசி மாதிரி. வரம்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு பெருமை.

கூட்டத்தில் நீரோட்டம் தெரிந்த ஹைட்ராலிக்ஸ்காரர் ஒருவர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "இது சிமென்ட் வாய்க்கால் எண்ணாச்சே, நம் ஆறு முழுக்கக் களை" என்றார். காரணத்தையும் அவரே சொன்னார். நில உயரம் விமானத்திலிருந்து லேசர் அடித்து அளக்கும் லைடாரில் எடுத்தது, அந்த லேசர் தண்ணீருக்குள் போகாது, நீர்ப்பரப்பையே படுகை என்று பதிந்துவிடும். ஆகவே மாடலில் ஆறு ஆழம் குறைவு, நீர்மட்டம் ஏறும், அதைச் சரிக்கட்ட என் காலிப்ரேஷன் படுகையை வழவழப்பாக்கிவிட்டது.

மாடலுக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளிக்குச் சமன்பாட்டில் தனி உறுப்பு வை என்று கென்னடி, ஓஹேகன் என்ற புள்ளியியலாளர்கள் 2001லேயே எழுதிவிட்டார்கள். அதைப் படித்துத்தான் பிஎச்டியே வாங்கினேன், அவசரத்தில் விட்டுவிட்டேன். சேர்த்தும் உடனே சரியாகவில்லை. இடைவெளி எந்தப் பக்கம், எவ்வளவு இருக்கும் என்று அந்த ஹைட்ராலிக்ஸ்காரரோடு இரண்டு மதியம் உட்கார்ந்து வாங்கிய விவரத்தை உள்ளே கொடுத்த பிறகுதான் எண் நகர்ந்தது. கூடவே ஊசி மாதிரி இருந்த வளைவு அகன்று பூசணிக்காய் ஆனது. நிதி கொடுத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு கதை.

நியூரல் நெட்வொர்க் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கீழே யாராவது வருவீர்கள். 90 புள்ளியில் ஓட்டிக் காட்டுங்கள், பேசலாம். ரன்கள் பல ஆயிரம் ஆனால் காசியன் பிராசஸ் திணறும், அதை மறுக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பிரிட்டன் விசாவோடு மருத்துவ சர்சார்ஜ் என்று, அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம் ஒன்று உண்டு. நான் போனபோது ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, விசா காலம் முழுவதுக்கும் முன்னாடியே கட்ட வேண்டும். எனக்கும் மனைவிக்கும் இரண்டு வருடத்துக்கு 4,140 பவுண்டு, முதல் சம்பளம் வரும் முன்பே. வேலை கொடுத்தவர்கள் என் பங்கை மட்டும், அதுவும் மூன்று மாதம் மெயில் போட்ட பிறகு திருப்பித் தந்தார்கள். மனைவியின் பங்குக்கு வைத்த வளையல் இன்னும் அடகில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் இதை எச்ஆரிடம் கேளுங்கள், பேராசிரியரிடம் கேட்காதீர்கள், அப்படி ஒரு கட்டணம் இருப்பதே எங்களவருக்குத் தெரியாது.