புரியாவிட்டாலும் போகலாமா? (கடிதம்)

வணக்கம் அக்கா,

நான் அம்பத்தூரில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம். ரயிலில் போகும்போது நிலா ஏன் நம் கூடவே வருகிறது என்று ஆறாவது படிக்கும் என் மகள் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. சென்னையில் நடக்கும் அறிவியல் உரைகளைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். எங்களை மாதிரி ஆட்களை உள்ளே விடுவார்களா? ஆங்கிலத்தில் பேசினால் பாதிதான் புரியும். போய் என்ன பயன் என்றும் தோன்றுகிறது.

ச.

அன்புள்ள ச.,

தாராளமாக விடுவார்கள். அறிவிப்பில் ‘பொது உரை’ என்று இருந்தால் அது உங்களுக்காகத்தான். ‘செமினார்’ என்று இருந்தால் துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, இப்போதைக்கு அது வேண்டாம். சில வளாகங்களில் வாசலிலேயே ஒரு நோட்டை நீட்டுவார்கள். பெயர், போன் நம்பர், அப்புறம் ‘எந்த நிறுவனம்’ என்று ஒரு கட்டம். முதல் தடவை அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். இப்போது ‘பொதுமக்கள்’ என்று எழுதிவிட்டு உள்ளே போய்விடுகிறேன், யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

தொடங்குவதற்கு நல்ல இடம் ‘சயின்ஸ் அட் தி சபா’ என்ற பொது உரை நிகழ்ச்சி. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2016 முதல் மியூசிக் அகாடமியில் நடத்துகிறது, கச்சேரி கேட்கிற அதே அரங்கில். ஒரே மாலையில் பல பேர் பேசுவார்கள், ஒன்று புரியாவிட்டால் அடுத்தது பிடிபடும். அந்த நிறுவனமே ஒரு வீட்டிலிருந்து வளர்ந்ததுதான். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டில் இயற்பியல் கூட்டங்கள் நடத்திவந்தார், 1960-ல் அணுவின் அமைப்பை விளக்கிய டென்மார்க் விஞ்ஞானி நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார், 1962-ல் நிறுவனம் தொடங்கப்பட்டது.

பயன் என்ன என்று கேட்டீர்களே, ஒன்று சொல்கிறேன். ஈர்ப்பு அலைகள் பற்றி ஒரு உரை, அதாவது கருந்துளைகள் மோதும்போது வெளியைச் சிறிதளவு நீட்டிச் சுருக்கியபடி பரவும் அலைகள். பேசியவர் நன்றாகத்தான் பேசினார், ஆனால் சமன்பாடுகள் வந்ததும் எனக்குப் பிடி விட்டுப்போனது. கேள்வி நேரத்தில், பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழுந்து தமிழில் கேட்டார்: “நாலு கிலோமீட்டர் நீளக் குழாயில் அணுவுக்குள் இருக்கிற புரோட்டானை விடச் சின்ன அசைவை அளந்தோம் என்கிறீர்களே, ரோட்டில் ஒரு லாரி போனாலே ஆடுமே, அதை எப்படிப் பிரிப்பீர்கள்?” பேசியவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. ஸ்லைடுகளை விட்டுவிட்டு மேடையின் விளிம்புக்கே வந்து சொன்னார். கருவி ஒன்றல்ல, அமெரிக்காவில் ஹான்ஃபோர்டில் ஒன்று, லிவிங்ஸ்டனில் ஒன்று, நடுவே 3,000 கிலோமீட்டர். லாரி ஒன்றை ஆட்டும், மற்றதை ஆட்டாது; விண்வெளியிலிருந்து வரும் அலை இரண்டையும் ஆட்டும். 2015 செப்டம்பர் 14 அன்று இரண்டிலும் ஒரே மாதிரி அசைவு, இடையில் 7 மில்லிநொடிதான் வித்தியாசம். அந்த மாலையில் எனக்கு முழுதாகப் புரிந்தது அந்த ஐந்து நிமிடம்தான், அதைக் கொடுத்தது அந்தப் பெரியவர்.

பேசுகிறவர்கள் எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். விஷயம் தெரிந்தவர்களே உட்கார்ந்திருந்தால் பேச்சு தானாக அவர்கள் உயரத்துக்குப் போய்விடும். அதனால் பின்வரிசை வேண்டாம், இரண்டாவது வரிசையில் உட்காருங்கள்.

மொழி விஷயத்தில் உங்கள் குறை நியாயமானது. இந்த ஊரில் நடக்கிற பெரிய உரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான், இது மாற வேண்டும், கேட்டால்தான் மாறும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் தமிழில் இந்த வேலையைச் செய்துவருகிறது, அவர்கள் நடத்தும் ‘துளிர்’ இதழை மகளுக்கு வாங்கிக் கொடுங்கள். மற்ற இடங்களிலும் தமிழிலேயே கேளுங்கள். பேசுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்தில் ஒருவர் எழுந்து மொழிபெயர்த்துவிடுவார், பலமுறை பார்த்திருக்கிறேன்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் போகிற தூரம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அதனால் பக்கத்துக் கம்பங்கள் பின்னால் ஓடும்போது நிலா மட்டும் அதே திசையில் நிற்கிறது, கூட வருகிற மாதிரி தெரிகிறது. அடுத்த முறை ஜன்னலோரம் உட்காரவைத்து, கம்பம், தூரத்துக் கட்டடம், நிலா மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிப் போங்கள், அடுத்த கேள்வியை அங்கே அவளே கேட்கட்டும்.