பஃபர் தொட்டியில் கப்பி விடலாமா?

கிருஷ்ணகிரி வீட்டில் இரண்டடித் தொட்டியில் மூன்று பஃபர் (மிரண்டால் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும் மீன்) இருக்கின்றன, கூடவே கப்பி விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் மாதிரி நீண்ட துடுப்போடு மெதுவாக நீந்தும் மீன்களின் வாலை பஃபர் கடித்துக் குதறிவிடும். நத்தையும் குட்டி இறாலும் அதற்குத் தீனிதான்.

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் குட்டி பஃபர் சுமார் 3 செ.மீ.தான் வளரும், முழு நன்னீர் மீன். பச்சைப் புள்ளி பஃபரையும் சில கடைகளில் நன்னீர் மீன் என்றே விற்கிறார்கள். பாவம், அதற்கு உப்பு கலந்த நீர் வேண்டும், 15 செ.மீ. வரைகூட வளரும். ஃபஹாகா என்ற பெரிய பஃபர் வகை என்றால் தனித் தொட்டிதான்.

குட்டி பஃபர்தான் என்றால், வேகமாக நீந்தும் சின்ன ரஸ்போராக்களைக் கூட்டமாக விட்டுப் பார்க்கலாம். பாசி தின்னும் குட்டிக் கெளுத்தியான ஓட்டோசின்க்ளஸும் ஒத்துப்போகும், ஆனால் அது மென்மையான (தாது உப்புகள் குறைந்த) நீர் கேட்கும் மீன். நம்ம ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. ஒகேனக்கல் குடிநீர் வந்தால் குளோரின் நீக்கிப் பயன்படுத்துங்கள்.

எதை விட்டாலும் செடிகள் அடர்த்தியாக இருக்கட்டும். ஒவ்வொரு பஃபரின் குணமும் வேறு. அதனால் சண்டை வந்தால் பிரித்து வைக்க இன்னொரு தொட்டியைத் தயாராக வைத்துக்கொண்டு அப்புறம் மீன் வாங்குங்கள்.