எழுபதுகளின் பாடகர்களில் உரிய பெயர் கிடைக்காதவர் யார்? ஆண்ட்ரூ கோல்ட்!

சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடிய எழுபதுகளின் கலைஞர்களில் திறமைக்கேற்ற பெயர் கிடைக்காமல் போனவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஆண்ட்ரூ கோல்ட். யார் அது என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கால அமெரிக்கப் பாடல்களில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர் என்றால், அவர் வாசித்ததை நிச்சயம் கேட்டிருப்பீர்கள்.

அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டின் 'யூ ஆர் நோ குட்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் வந்த 'ஹார்ட் லைக் எ வீல்' ஆல்பத்தின் முதல் பாட்டு அது. 1975 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதில் டிரம்ஸ், எலெக்ட்ரிக் பியானோ, பெரும்பாலான கிதார் எல்லாமே கோல்ட்தான். அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும்.

நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் பாஸ் கிதாரும் பியானோவும் அடக்கி வாசிக்கின்றன, குரலுக்கு நிறைய இடம் விட்டு. நடுவில் கிதார் வரும்போது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கிதார்கள் கேட்கும். லிண்டா பாடி முடித்த பிறகும் பாட்டு முடியாது. கிதார்களும் வயலின்களுமாக மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். பாடகியின் பெயரில் வந்த பாட்டில் குரலே இல்லாத ஒரு நீண்ட முடிவு! அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தயாரிப்பாளர் பீட்டர் ஆஷரும் கோல்டும் சேர்ந்து இழைத்த வேலை இது. செஷன் கலைஞர் என்றால் வந்து, வாசித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறவர் என்று நினைப்போம். இவர் பாட்டின் எலும்புக்கூட்டையே கட்டிக்கொடுத்தவர்.

இதில் அவருடைய அம்மாவையும் சொல்லாமல் இருக்க முடியாது. மார்னி நிக்சன். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கும் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியவர். நம் ஊரில் பின்னணிப் பாடகிகளை வீட்டுப் பிள்ளைகள் மாதிரிப் பேர் சொல்லிக் கொண்டாடுகிறோம். ஹாலிவுட்டில் அன்று திரையில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. அப்பா எர்னஸ்ட் கோல்ட், 'எக்ஸோடஸ்' படத்தின் இசைக்காக ஆஸ்கர் வாங்கியவர். அப்பாவின் இசையறிவும், அடுத்தவர் பாட்டுக்குத் தன் முழுத் திறமையையும் கொடுக்கும் அம்மாவின் குணமும் பிள்ளைக்கு அப்படியே வந்திருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, அவருடைய சொந்தப் பாட்டுகள். 1976இல் வந்த 'வாட்ஸ் ராங் வித் திஸ் பிக்சர்?' ஆல்பத்தில் 'லோன்லி பாய்' என்று ஒரு பாட்டு. 1977இல் அமெரிக்காவில் ஏழாவது இடம் வரை போனது. ஒற்றைப் பிள்ளையாகச் செல்லமாக வளர்ந்தவன், தங்கை பிறந்ததும் தனக்கு இனி இடமில்லை என்று மனம் உடைந்து போகிற கதை. அதன் பியானோ தொடக்கத்தைக் கேட்டுக்கொண்டே தாளம் போட்டுப் பாருங்கள். டிரம்ஸ் நுழைந்ததும் நீங்கள் போட்ட தாளம் தள்ளிப் போயிருக்கும். கதையில் வரும் பையனின் தடுமாற்றம் நம் கைக்கே வந்துவிடுகிறது. தாளத்தை வைத்து இப்படிக் கதை சொல்ல, டிரம்ஸும் பியானோவும் இரண்டுமே கைவந்த ஒருவரால்தான் முடியும். பின்னால் கேட்கும் பெண்குரல் யாருடையது தெரியுமா? லிண்டா ரான்ஸ்டாட்!

1978இல் 'தேங்க் யூ ஃபார் பீயிங் எ ஃப்ரெண்ட்' வந்தது. அமெரிக்காவில் 25ஆவது இடத்தோடு நின்றுவிட்டது. 1985இல் 'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு அதையே முகப்புப் பாடலாக எடுத்தார்கள், ஆனால் பாடியது வேறொருவர். பாட்டு வீடு வீடாகப் போனது, எழுதியவர் பெயர் போகவில்லை. அதே 1978இல் 'நெவர் லெட் ஹெர் ஸ்லிப் அவே' பிரிட்டனில் ஐந்தாம் இடம் பிடித்தது. 1992இல் அண்டர்கவர் குழு அதை நடனப் பாட்டாக மாற்றிப் பாட, மறுபடியும் அங்கே அதே ஐந்தாம் இடம். அப்புறம் 1996இல் குழந்தைகளுக்கான ஹாலோவீன் ஆல்பத்தில் அவர் பாடிய எலும்புக்கூட்டுப் பாட்டு, 'ஸ்பூக்கி ஸ்கேரி ஸ்கெலிட்டன்ஸ்'. இன்று இணையத்தில் அதற்கு ஆடாத பிள்ளைகள் குறைவு. அவர்களிடம் கோல்ட் யார் என்று கேட்டால் தெரியாது.

ஏன் இப்படி ஆனது? 'லிண்டாவின் பேண்டில் இருந்தவர்' என்ற அடையாளம் அவரை விட்டுப் போகவே இல்லை என்பது என் கணிப்பு. கூடவே, அவர் மெட்டுகள் கேட்க அவ்வளவு சுலபமாக இருக்கும். பீட்டில்ஸ் பாசறையில் ஊறிய இனிமை. சுலபமாகக் கேட்கிறது என்பதற்காகச் சுலபமாகச் செய்தது என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. 2011இல், 59 வயதில் அவர் இறந்துபோனார்.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு: முதலில் 'லோன்லி பாய்', பிறகு அந்த 1976 ஆல்பம் முழுவதும். அதன் அட்டைப்படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள், வேண்டுமென்றே நிறையத் தவறுகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது பிடித்திருந்தால் 1975இல் அவர் பெயரிலேயே வந்த முதல் ஆல்பத்துக்குப் போங்கள். எண்பதுகளில் 10சிசி என்ற பிரிட்டிஷ் குழுவின் கிரகாம் கூல்ட்மேனோடு சேர்ந்து 'வாக்ஸ்' என்ற பெயரில் செய்தவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அதில் 'பிரிட்ஜ் டு யுவர் ஹார்ட்' மட்டும் தவற விடாதீர்கள்.