பிரசவ வருடத்தில் எந்த மருத்துவ இன்ஷூரன்ஸ் பிளான் நல்லது?

கேள்வி: நியூஜெர்சியில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஆபீஸில் ஓப்பன் என்ரோல்மென்ட், அதாவது அடுத்த வருட மருத்துவ இன்ஷூரன்ஸ் பிளானைத் தேர்ந்தெடுக்கும் நேரம் நடக்கிறது. கூட வேலை பார்க்கும் நம்மூர்ப் பசங்க பலரும் பிபிஓவை (இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டாக்டர் பட்டியலுக்கு வெளியேயும் போகவிடும் பிளான்) விட்டுவிட்டு, ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கோடு வரும் ஹை டிடக்டிபிள் பிளானுக்கு (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை அதிகமாக இருக்கும் பிளான்) மாறிவிட்டார்கள். அமெரிக்கா முழுக்க இப்போது அதுதான் என்கிறார்கள். மனைவிக்கு மார்ச்சில் பிரசவம். நானும் மாறலாமா?
- வாசகர், எடிசன்

பதில்: தாயும் சேயும் நலமாக இருக்க வாழ்த்துகள், தம்பி.

நாடு முழுக்க அதுதான் என்பது சரியில்லை. மருத்துவக் கொள்கையை ஆராயும் கே.எஃப்.எஃப். அமைப்பு ஆண்டுதோறும் கம்பெனிகளிடம் கணக்கெடுக்கிறது. ஆபீஸ் இன்ஷூரன்ஸ் உள்ளவர்களில் 2006இல் 4 சதவீதம் பேர்தான் இந்த வகைப் பிளானில் இருந்தார்கள். 2020இல் அது 31 ஆனது, 2024இல் 27க்கு இறங்கிவிட்டது. அதே 2024இல் பிபிஓவில் 48 சதவீதம் பேர், பட்டியலில் உள்ள டாக்டர்களிடம் மட்டும் போகவிடும் ஹெச்எம்ஓவில் 13. இன்றைக்கும் பெரிய கூட்டம் பிபிஓவில்தான்.

2003இல் வந்த சட்டம் ஹெச்எஸ்ஏ கணக்குக்கு வழிவிட்டது. பிரீமியம் குறைவு என்பதால் கம்பெனிகளும் இந்தப் பக்கம் தள்ளின. டெக்சஸில் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆரில் பல வருடம் இந்தப் படிவங்களைப் பார்த்தவள் நான். டாக்டரிடமே போகாத, கல்யாணமாகாத பசங்களுக்கு அது அருமையான பிளான். ஆனால் மாதப் பிடித்தத்தை மட்டும் பார்த்து டிக் அடித்துவிட்டு, அப்புறம் ஆஸ்பத்திரி பில்லோடு வந்து நின்ற இளம் தம்பதிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

நீங்கள் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு பிளானுக்கும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் வருடப் பிரீமியத்தோடு, அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமத்தை, அதாவது ஒரு வருடத்தில் சிகிச்சைக்கு உங்கள் கையிலிருந்து அதிகபட்சம் போகும் தொகையை, கூட்டுங்கள். கம்பெனி ஹெச்எஸ்ஏவில் போடும் பணத்தைக் கழியுங்கள். சில கம்பெனிகளில் ஹை டிடக்டிபிளுக்கே குறைந்த தொகை வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உங்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. ஹெச்எஸ்ஏவில் அதுவரை சேர்ந்த பணத்தைத்தான் எடுக்க முடியும். ஜனவரியில் தொடங்கினால் மார்ச்சுக்குள் என்ன சேர்ந்துவிடும்? வழக்கமான கர்ப்பகாலச் செக்கப்புக்கு டிடக்டிபிள் கட்ட வேண்டியதில்லை. ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் பெரும்பாலும் கட்ட வேண்டும். குடும்ப டிடக்டிபிள் முழுவதும் தீர்ந்த பிறகுதான் பணம் தருவோம் என்கிற பிளானும் உண்டு, ஹெச்.ஆரிடம் இதைக் கேட்காமல் விடாதீர்கள். கையில் சில ஆயிரம் டாலர் சேமிப்பு இல்லையென்றால் இந்த ஒரு வருடம் பிபிஓவிலேயே இருங்கள். பிரசவம் பார்க்கும் டாக்டர், ஆஸ்பத்திரி இரண்டுமே நெட்வொர்க்கில் (அந்தப் பிளானின் பட்டியலில்) இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள்.

குழந்தை பிறந்ததும் 30 நாளுக்குள் பிளானில் சேர்த்துவிடுங்கள். குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அரசு தரும் அடையாள எண்) வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.