கதையிலும் திரைக்கதையிலும் நம்பும்படியான, மனதைத் தொடும் கதாபாத்திரங்களை உருவாக்குவது எப்படி?

பல வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன், சில குறும்படங்களுக்குத் திரைக்கதையும் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடி கிடைத்தது ஒரே ஒரு கதையில்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

அப்பா இறந்த செய்தி கேட்டு வீட்டுக்கு வரும் ஒரு மகளின் கதை அது. முதல் வரைவில் அவளை நன்றாக அழவைத்திருந்தேன். நெஞ்சு வெடித்தது, தொண்டை அடைத்தது, கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. படித்து முடித்த நண்பர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இவளுக்கு அப்பாவைப் பிடிக்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா இறந்தால் மகள் அழுவாள் என்ற பொது வழக்கத்தை நம்பி எழுதியிருந்தேன். அந்த இடத்தில் வேறு யாருடைய மகளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதே அழுகையைத்தான் அழுதிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை மறுபடி எடுத்துப் படித்தேன். உணர்ச்சிகளை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்களைச் சொல்கிறது அது. அழுகைக்குச் சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. தாழ்ந்துபோனதால் வரும் அழுகை, இழந்ததால் வருவது, முன்பிருந்த நிலை தளர்ந்ததால் வருவது, இல்லாமையால் வருவது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது வெறும் பட்டியலாகத் தெரிந்தது, எழுத உட்கார்ந்தபோது நேராக என் கதைக்கே போட்ட கேள்வி மாதிரி இருந்தது. இவள் அழுவது இதில் எந்த அழுகை? இழவு என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன். யோசிக்க யோசிக்க, அவளுடையது இளிவு என்று பட்டது. அப்பாவோடு அவள் பேசியே இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டாள்.

அதற்கப்புறம் அழும் காட்சியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வந்தது இது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அவளிடம் வந்து சொல்கிறார்: "தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நீ கூப்பிடுவேன்னு சொல்வாரும்மா. சீட்டாட்டத்தைக்கூடப் பாதியில விட்டுட்டு எழுந்து போயிடுவாரு. கதவைச் சாத்திட்டுப் பத்து நிமிஷம் பேசிட்டுத்தான் வெளியே வருவாரு." அவள் ஒரு கணம் அவரையே பார்க்கிறாள். பிறகு, "ஆமா மாமா, ஒன்பது மணிக்குத்தான்," என்கிறாள்.

அவ்வளவுதான் காட்சி. நண்பர் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. ஆனால் அப்பா ஊருக்குச் சொன்ன பொய்யை அவள் காப்பாற்றுகிறாள். அவர் மானத்துக்காகவா, தன் மானத்துக்காகவா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரிக்க முடியாத அந்த இடத்தில்தான் அவள் எனக்கு ஓர் ஆளாகத் தெரிந்தாள்.

ஆகவே என் பதில் இதுதான்: உங்கள் பாத்திரம் எதை உணர்கிறது என்பதோடு நிற்காதீர்கள். அந்த உணர்வை யாரிடம் மறைக்கப் பார்க்கிறது, மறைக்க என்ன செய்கிறது என்று தேடுங்கள். நிஜத்தில் நாம் யாரும் நினைத்ததைக் கொட்டிவிடுவதில்லை. பயந்தவன் அதட்டுகிறான். பாசம் உள்ளவள், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றுகிறாள். வாசகர் அந்த மூடியைத் தானே திறந்து பார்க்கும்போது உணர்ச்சி அவருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

பாத்திரத்தின் பிறந்தநாள், பிடித்த நிறம், ரத்த வகை என்று நூறு கேள்விகளுக்கு விடை எழுதிவைக்கச் சொல்வார்கள். நானும் நிரப்பிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நேரம்தான் போனது. ஒருவரைப் பற்றிய தகவல்கள் சேரலாம், ஆள் வருவதில்லை. அதற்குப் பதில் ஒரு நெருக்கடியில் நிறுத்தி என்ன முடிவெடுக்கிறார் என்று பாருங்கள், பத்து நிமிடத்தில் பிடிபடுவார்.

1927இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர், முழுமையான பாத்திரத்துக்கு ஒரு சோதனை சொன்னார்: அது நம்மை ஆச்சரியப்படுத்த வேண்டும், அந்த ஆச்சரியம் நம்பும்படியும் இருக்க வேண்டும். இரண்டாவது பாதியில்தான் பலரும் சறுக்குகிறோம். கஞ்சன் திடீரென்று வாரிக்கொடுத்தால் ஆச்சரியம் வரும், நம்பிக்கை வராது. அதே கஞ்சன் கொடுத்துவிட்டு, மறுநாள் போய், "அதுல கொஞ்சம் மீதி இருக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டால் அவனை நமக்குத் தெரியும்.

திரைக்கதையில் இது இன்னும் கடினம். சிறுகதையில், "அவளுக்குக் குற்ற உணர்ச்சி உறுத்தியது" என்று ஒரு வரி போட்டுத் தப்பிக்கலாம். திரையில் தெரியவும் கேட்கவும் செய்வது மட்டும்தான் உண்டு, உறுத்தலைக் கேமராவால் படம்பிடிக்க முடியாது. மேலே சொன்ன காட்சியைக் குறும்படத்துக்காக மாற்றி எழுதியபோது, "ஆமா" என்ற பதில் பொய் என்றே பார்ப்பவருக்குத் தெரியாது என்பது உறைத்தது. அதனால் முன்னாலேயே ஒரு காட்சி சேர்த்தேன். அவள் ஏதோ வேலையில் இருக்கிறாள், மேஜையில் போன் அதிர்கிறது, திரையில் 'அப்பா' என்று வருகிறது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறாள். வசனமே இல்லை. அதைப் பார்த்தவருக்குப் பிறகு அந்த "ஆமா" எவ்வளவு கனமானது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நடிகருக்கும் இதுதான் உதவி. 'சோகமாக' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் முகத்தைச் சுளிப்பதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? கையில் ஒரு வேலையையும், சொல்லக்கூடாத ஒரு விஷயத்தையும் கொடுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். வசனங்களில் பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள், யார் பேசுகிறார் என்று தெரியவில்லை என்றால் எல்லார் வாயிலும் நீங்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம், தெரிந்த ஒருவரை அப்படியே தூக்கிக் கதைக்குள் வைக்காதீர்கள். ஒருவரின் நடை, இன்னொருவரின் கோபம், உங்களுடைய பயம் என்று கலந்தால்தான் பாத்திரம் உங்கள் கைக்குள் வரும், யார் மனதும் புண்படாது.

அந்தக் கதையில் அப்பா உயிரோடு ஒரு காட்சியிலும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பத்து நிமிடம் அவர் என்ன செய்தார் என்பதையும் நான் எழுதவில்லை. ஆனால் அது எனக்குத் தெரியும். ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதித் தனியாக வைத்திருக்கிறேன்.